சுருவிலுக்குக் கொண்டுபோன ராப் கசற்

சந்தோசமான பாட்டுகள் என்று தெரியாமலே ஒரு கசற்றை நான் இரண்டு வருடம் கேட்டிருக்கிறேன். அமெரிக்கப் பெடியன்கள் நாலு பேர் பாடிய ராப், தொண்ணூறுகளில் வந்தது. பெயரைச் சொன்னால் என் வயதுக்காரர் சிரிப்பார்கள், ஆகவே சொல்லவில்லை. கோடை, கார், கடற்கரை, இறைச்சி வாட்டுகிற புகை, பக்கத்து வீட்டுப் பெண், இவ்வளவுதான் அதில் விசயம். ஒருவரும் சாவதில்லை, ஒருவரும் ஒருவரையும் சுடுவதில்லை. ஆனால் கொக்குவிலில் நான் கேட்டபோது அது செத்தவீட்டுப் பாட்டுப்போல இருந்தது.

காரணம் கரண்ட். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் இருந்து வருகிற மின்சாரத்தில் ரேப் ரெக்கோடர் ஓடும். எங்கள் டைனமோ பழசு. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பாட்டுத் தன் நடைக்கு வராது. அந்த நாலு பெடியன்களும் காய்ச்சல்காரர் மாதிரி இழுத்து இழுத்துத்தான் கடற்கரைக்குப் போனார்கள். ரெக்கோடர் ரெஜியுடையது, சைக்கிளும் கசற்றும் என்னுடையவை. ஆகவே அவன் கேட்பான், நான் சுற்றுவேன். எந்த ஊர் நியாயமோ தெரியாது.

ரெஜி சுருவிலில் இருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த குடும்பத்துப் பெடியன். மீன்பிடிக்காரர், கத்தோலிக்க வேதக்காரர். "இதைக் காரில போய்க்கொண்டு கேக்கோணுமடா மூர்த்தி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். நான் தொண்ணூற்றைந்தில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த வருடம், ஊரடங்கு தளர்ந்த ஒரு மணித்தியாலத்தில் பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போன ரெஜி திரும்பி வரவில்லை. பாண் கடை வரைக்கும் போகவும் இல்லையாம். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

2003 ஆவணி, சமாதானக் காலம், ரெஜி வீட்டார் சுருவிலுக்கே திரும்பியிருந்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்றதும் அம்மா ஒரு பார்சல் கட்டினா. பால்மா, தைலம், ஒரு சேலை. "ரெஜியின்ர தாயைப் பாக்காமல் வந்தியோ, என்ர முகத்தில முழிக்காதை." புறப்படுகிற அன்று அலுமாரிக்குள் அந்தக் கசற் கண்ணில் பட்டது. ஸ்காபரோவில் சிடி வாங்கிப் பாட்டை அதன் உண்மையான வேகத்தில் கேட்டபோது, யாரோ ரெஜியையும் என்னையும் நக்கலடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதன்பிறகு கசற்றைப் போட்டதில்லை. இம்முறை கோடை, கார், கடற்கரை மூன்றும் கிடைக்கப்போகிறதே என்று எடுத்துப் பையில் வைத்தேன்.

முதல் நாள். கார்க்காரர் செல்லத்துரை அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பழைய இங்கிலீசுக் கார், ஆனால் உள்ளே கசற் போடுகிற பெட்டி புதிது. தீவுகளுக்குப் போகிற பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் கசற்றைத் தள்ளினேன். இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக் கடல், வலை கட்டுவதற்கு நட்ட தடிகள், தடிக்கு ஒரு நீர்க்காகம். சோழகக் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பாட்டுத் துள்ளியது. செல்லத்துரை அண்ணை ஸ்ரேறிங்கில் தாளம் போட்டார்.

"கலியாண வீட்டுப் பாட்டோ தம்பி?"

"ஓம் அண்ணை, அப்பிடித்தான்."

காவலரணில் நின்ற கடற்படைப் பெடியன் என் பாஸ்போட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பாட்டுக்குத் தலையை மட்டும் ஆட்டினான். "போங்க" என்று தமிழில் சொன்னான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும்.

அதற்கப்பால் துள்ளல் பாட்டுக்கு ஏற்ற ஒன்றும் இல்லை. தலையில்லாப் பனைகள் நின்றன. வீடுகளுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை. சுவர் மட்டும் வரிசையாக நிற்க, ஒவ்வொரு சுவருக்குள்ளும் நின்று ஒரு மரம் எட்டிப் பார்த்தது. ஒழுங்கை முகப்புகளில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள், உள்ளே கண்ணிவெடி. ஒரு வீட்டு மதிலில் 'நாய் கடிக்கும், கவனம்' என்று எழுதியிருந்தது. நாயும் இல்லை, கடிபடுவதற்கு ஆளும் இல்லை. ரொறன்ரோவில் ஆளில்லாத தெருவைக் கண்டால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். இங்கே பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை.

கார் கொதித்தது. மூடியைத் திறக்க ஆவி மேலே போனது. செல்லத்துரை அண்ணை தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு, சிவப்புப் பலகை இல்லாத ஒரு வளவுக்குள் கிணறு தேடிப் போனார். எஞ்சின் நின்றாலும் பாட்டுப் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் காருக்குள் கால் நீட்டிக்கொண்டு இருந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம். பாட்டு அறுந்தது.

ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது.

நாலைந்து வயதுக் குரல். கீச்சிட்டுக்கொண்டு, அவசர அவசரமாக ஏதோ பாட்டுப் படித்தது. பிறகு "சுத்தடா மூர்த்தி, சுத்தடா, பாட்டுச் சாகுது!" என்றது. தூரத்தில் ஒரு பெண் குழந்தை கூப்பிட்டது. "ரெஜி! சாப்பிட வா!" மறுபடியும், "ரெஜீ!" முதல் குரல் "இந்தா வாறன் அம்மா" என்றது. டிக். அந்த நாலு பெடியன்களும் கடற்கரையில் விட்ட இடத்தில் தொடங்கினார்கள்.

நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். ஆவணி வெயிலில், காருக்குள். என் பெயரைச் சொன்ன அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது.

செல்லத்துரை அண்ணை வெறும் கானோடு ஓடி வந்தார். "தம்பி, அந்த வீட்டுக்குள்ள பிள்ளையள் நிக்குதுகள். ஒண்டை ஒண்டு சாப்பிடக் கூப்பிடுறது கேட்டது. நான் எட்டிப் பாத்தனான், ஒருத்தருமில்லை. அடுப்படியில எருக்கலஞ்செடிதான் நிக்குது."

கசற்றில்தான் அண்ணை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. திரும்பச் சுற்றிப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார். பிறகு, ஓடிவந்ததில் கழன்ற செருப்பை எடுக்கப் பயந்து, வெறுங்காலோடு முந்நூறு யார் தூரம் நடந்து, வேறு வளவில் தண்ணீர் அள்ளி வந்தார். அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒருநாள் ரெஜி தவறுதலாகவோ விளையாட்டுக்கோ பதிவுப் பொத்தானை அமுக்கி என் கசற்றைக் கெடுத்தான். நாற்பது செக்கன் இருக்கும். அதற்காக நான் அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஆனால் இந்தக் குரலுக்கு ஐந்து வயதுக்கு மேல் இல்லை.

சுருவில் ஒழுங்கையில் மூன்று வீடுகளில்தான் ஆட்கள். ரெஜியின் அக்கா பிலோமினா வாசற் படலையில் நின்றா. பிலோ அக்காவுக்கு முப்பத்தைந்து வயது. கை இரண்டும் வலைக் கயிற்றில் காய்த்துப்போயிருந்தன. மாமி, ரெஜியின் தாய், என்னைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினா. "வந்திட்டியே மோனை." அந்த வீட்டில் அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று பிறகுதான் விளங்கியது.

கூழ் காய்ச்சியிருந்தார்கள். நண்டும் திருக்கையும் பயற்றங்காயும் போட்ட ஒடியற் கூழ், பனையோலையில் மடித்த பிளாவில். ரொறன்ரோவில் ஆள் தலைக்கு ஒன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் கூழ் குடிப்பவர்களை எனக்குத் தெரியும், கடவுள் அவர்களை மன்னிக்கட்டும். செல்லத்துரை அண்ணை மூன்று பிளா குடித்து, பேய் வீட்டை மறந்து, வேம்பின் கீழ் சரிந்தார்.

குசினிக்குள் வைத்துப் பிலோ அக்கா விசயத்தைச் சொன்னா. மன்னாரில் ஒருவர் மூன்று வருடமாக அவவுக்காகக் காத்திருக்கிறார். தாயைத் தனியே விட்டுப் போக ஏலாது. தாய் வீட்டை விட்டு அசையமாட்டா. "அவன் வந்தா பூட்டின வீட்டையே பாக்கிறது எண்டு கேக்கிறா. ஒரு இரவுகூட வெளியில படுக்கிறேல்லை. கண் ஒப்பரேசனுக்குக்கூட வரேல்லை." இந்த வருடம் பங்குச் சாமியார் வந்து வந்து கதைத்து ஒருவாறு சம்மதிக்க வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெஜிக்கு ஆத்துமப் பூசை, செத்தவர்களுக்கு வைக்கிறது. அது முடிந்தால் தாயும் மகளும் மன்னாருக்கு. "ஞாயிறு மட்டும் மனம் மாறாமல் இருந்தாக் காணும் தம்பி. எனக்கும் வயசு போகுது."

வெளியே மாமி என்னிடம் வேறு கதை சொன்னா. "முகம் படத்தில கிடக்கு மோனை. குரல்தான் போயிட்டுது. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை. தாய்க்காறிக்குப் பிள்ளையின்ர குரல் மறக்குமே?"

நான் பிலோ அக்காவிடம் கசற்றைப் பற்றிச் சொன்னேன். அவ அடுப்பை ஊதினா. "போட்டுக் காட்டும். அழட்டும். அழுது முடிச்சா எண்டா பூசை லேசா இருக்கும்."

மாமியைக் காரின் முன் சீற்றில் இருத்தினோம். அவ இரண்டு கையாலும் டாஷ்போட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தா. பாட்டு அறுந்தது, பிள்ளை சிரித்தது, பெண் குழந்தை கூப்பிட்டது.

"இது என்ர பிள்ளை இல்லை" என்றா மாமி.

மறுபடியும் போட்டேன்.

"இது ஆரோ பெத்த சின்னன். ரெஜி எண்டு பேர் வைச்சிருக்கினம்." கையை நீட்டிக் கதவில் இருந்த ஸ்பீக்கரைத் தொட்டா. அவவின் குரல் இறங்கியது. "ஆனா வாறன் எண்டு சொல்லேக்கை அவன்ர இழுவை கிடக்கு. பிலோ, செத்துப்போறாக்கள் திருப்பிச் சின்னனாகிப் போவினமே?"

பிலோ அக்கா ஒரு கணமும் தயங்கவில்லை. "ஓம் அம்மா. சம்மனசாப் போயிட்டான். சம்மனசுகள் செட்டை வைச்ச சின்னப் பிள்ளையள்தானே. கோயில் கூரையில பாக்கிறேல்லையே?"

மாமி அழுதா. அலறவில்லை, மெல்ல, நெடுநேரம். பிறகு காரை விட்டு இறங்கி முகம் கழுவி, "ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தக் கறுப்புச் சேலையை வெயிலில போடு" என்றா. பிலோ அக்கா எனக்குப் பின்னால் நின்று என் முதுகை ஒரு தட்டுத் தட்டினா. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

இரண்டாம் நாள், இதுவரை பார்க்காத நெடுந்தீவைப் பார்க்கப் போனேன். குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் என்றார்கள். சோழகத்தில் அது இரண்டாயிற்று. அலை அடித்து எல்லோரும் நனைந்தோம். என் மடியில் யாருடையதோ ஆட்டுக்குட்டி, பக்கத்தில் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. ஆட்டுக்கும் எனக்கும் மட்டும்தான் பயம். மற்றவர்கள் வெங்காய விலை கதைத்தார்கள்.

தீவு தட்டையாகக் கிடந்தது. மதில்கள் எல்லாம் கடற்கல். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்களுக்கிடையால் காற்று ஊதிச் சத்தம் போட்டது. கட்டாக்காலிக் குதிரைகள் பத்துப் பன்னிரண்டு அசையாமல் நின்று நான் போகும் திசைக்கெல்லாம் தலையைத் திருப்பின. முதல் நாள் தொடங்கி என் காதுக்குள் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தது. பிலோ அக்காவின் சம்மனசுக் கதையை நான் பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். ரெஜி எங்கோ வயது குறைந்து குறைந்து போய்க்கொண்டிருக்கிறான், இன்னும் சில வருடத்தில் அழுகுரல் மட்டும்தான் மிஞ்சும் என்று ஒரு நினைப்பு வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்த நினைப்பு அது.

தேத்தண்ணிக் கடை ஒன்றில் ஏறினேன். கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக வைத்துப் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரெக்கோடரில் ஒரு பெண் தாலாட்டுப் பாடினாள்.

"இப்ப பற்றரி கிடைக்குதுதானே அண்ணை?"

"கிடைக்குது. ஆனா கை சும்மா இருந்தாச் சரிவராது, பழகிப்போச்சு."

எனக்குத் தேத்தண்ணி ஆற்ற எழும்பும்போது அவர் கை பெடலை விட்டது. சில்லு தளர்ந்தது. பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் இறங்கி, தடித்து, ஆண் குரலாகி, கிழவன் குரலாகி நின்றது. கடையில் இருந்த கிழவர் ஒருவர், "பாத்தியே, மனுசி மனுசனாகிப் போச்சு" என்று சிரித்தார்.

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். இரண்டு வருடம் சைக்கிள் சுற்றிய முட்டாளுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. ரெஜியின் குரல் பதிவானபோது ரேப் மெதுவாக ஓடியது, என் கை அளவுக்கு. காரில் அதையே முழு வேகத்தில் ஓட்டினால் பெரிய ஆள் சின்னப் பிள்ளையாவான். கூப்பிட்ட பெண் குழந்தை வேறு யாருமல்ல, மாமி. பாட்டுச் சரியாகக் கேட்டால் ரெஜி பிழை, ரெஜி சரியாகக் கேட்டால் பாட்டுப் பிழை. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

நான் கடைக்காரருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரெக்கோடரைக் கழற்றி, வயரோடு ஒரு சீனிப் பைக்குள் போட்டுத் தந்தார். "நாளையிண்டைக்கு லோஞ்சில ஆரிட்டையெண்டாலும் குடுத்துவிடும், என்னட்டை வந்து சேரும்." பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ரொறன்ரோவில் நூலகப் புத்தகம் எடுக்க நான் மூன்று அடையாள அட்டை காட்டியவன்.

மூன்றாம் நாள் காலை சுருவில். படலையில் பிலோ அக்கா என் கையிலிருந்த பையைப் பார்த்தா. நான் மூச்சு விடாமல் விளக்கினேன்.

"விடும் தம்பி" என்றா. "அம்மா ரெண்டு இரவும் நல்ல நித்திரை. ஏழு வருசத்தில இப்பத்தான் கதவைச் சாத்திப்போட்டுப் படுத்தவ. அவன் சம்மனசாவே இருக்கட்டும்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் கண்டுபிடித்தவனின் திமிர் பொல்லாதது. "அது பிழையான குரல் அக்கா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "ரெஜியின்ர உண்மையான குரலை நான் எடுத்துத் தருவன்."

மாமி வாசலில் நின்றா. "எடு மோனை" என்றா.

பிலோ அக்காவின் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைப் பூட்டினோம். செல்லத்துரை அண்ணை ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றினேன். முதலில் வேகம் கூடிப் பிள்ளைக் குரல்தான் வந்தது. மாமி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டா. "மெல்ல" என்றா. கையைத் தளர்த்தினேன். பெண் குழந்தை குமரியானாள். "இன்னும் மெல்ல." குமரி நடுவயதுக்காரியானாள்.

"ரெஜி! சாப்பிட வா!"

"இது நான்" என்றா மாமி. "பிலோ, இது நானெல்லே கூப்பிடுறன்?"

என் கைக்கு இப்போது அளவு பிடிபட்டுவிட்டது. எட்டு வருடம் கழித்தும் தோள் மறக்கவில்லை. ரேப்பைத் திரும்பச் சுற்றி முதலில் இருந்து விட்டேன். ரெஜி சிரித்தான். பத்தொன்பது வயது ரெஜி, தொண்டை கொஞ்சம் கரகரக்க, அந்த முற்றத்தில், எங்கள் நாலு பேருக்கும் நடுவில். கோழிகூடத் தலையைத் தூக்கியது. "சுத்தடா மூர்த்தி, சுத்தடா, பாட்டுச் சாகுது!" எனக்குக் கண் மறைத்தது, ஆனாலும் கையை விடவில்லை. தாய் கூப்பிட்டா. அவன் சொன்னான்:

"இந்தா வாறன் அம்மா."

ஏழு தடவை போட்டோம். மாமி அழவில்லை. ஒவ்வொரு தடவையும் அவவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஏழாவது தடவை முடிய எழும்பி, கொடியில் வெயிலுக்குப் போட்டிருந்த கறுப்புச் சேலையை எடுத்து மடித்தா.

"சாமியிட்டைப் போய்ச் சொல்லு பிலோ, பூசை வேண்டாம். நான் கூப்பிட்டனான், பிள்ளை வாறன் எண்டவன். வாறன் எண்டு சொன்ன பிள்ளைக்குப் பூசை வைக்கிறதே?"

"அம்மா, அது எட்டு வருசத்துக்கு முந்தி."

"சொன்னவன்தானே." சேலையோடு உள்ளே போய், பின்கதவையும் முன்கதவையும் அகலத் திறந்து கல் வைத்தா.

நான் வயரைக் கழற்றக் குனிந்தேன். செல்லத்துரை அண்ணை காருக்குப் போய்விட்டார். பிலோ அக்கா என் கையை விலக்கிவிட்டு, சைக்கிளுக்கு முன்னால் குந்தினா. அவவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கழட்ட வேண்டாம், கடைக்காரருக்கு நான் வேறை வாங்கி அனுப்புறன்" என்றா. பெடலில் கையை வைத்தா. "எந்த வேகத்தில சுத்தினா அவன்ர குரல் வரும் எண்டு வடிவாக் காட்டிப்போட்டுப் போம். இனி ஒவ்வொரு நாளும் நான்தானே சுத்தோணும்."